கடைசிப் பத்து நிமிடம்

கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. குழுவின் முதல் சட்டம் அதுதான். படங்களின் ஆங்கிலப் பெயரைச் சொல்லக் கூடாது, எல்லாரும் சேர்ந்து வைத்த தமிழ்ப் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. நடிகைகளின் வயதைக் கணக்குப் போடக் கூடாது என்று மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை எல்லாரும் மீறினார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. முதல் சட்டத்தை மீறினவர்களை மட்டும் இடைவேளை சும்மா விட்டதில்லை. ஒரு வருடம் வெளியே.

குழுவை நடத்தியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் இடைவேளை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கெஞ்சல்களைக் கேட்டுக் காது காய்த்துப்போன மனிதர். இணையத்தில் அவர் திறந்திருந்த அந்தப் பக்கத்தில் பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அதுவும் கறுப்பு வெள்ளைப் படங்கள். வாரத்துக்கு ஒரு படம். சனிக்கிழமைக்குள் அவரவர் வீட்டில் பார்த்துவிட வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பக்கம் திறக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உறுப்பினர்கள் மட்டும்தான் எழுதலாம். நூற்று முப்பது உறுப்பினர்களில் வாய் உள்ளவர்கள் ஒரு பதினைந்து பேர்.

அந்தப் பதினைந்தில் ஒருவன் கடைவாய்.

பெயருக்கு ஏற்ற பிழைப்பு. பல் லேப் ஒன்றில் பல்செட் செய்கிறவன். பல் மருத்துவம் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வந்தவன். டாக்டர்கள் நோயாளியின் வாயிலிருந்து எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, இறுகின பிறகு அதன்மேல் மெழுகு வைத்து, பல்லைப் பல்லாக வரிசை கட்டுவான். நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஒன்று நடந்து, மூன்று வருடத்தில் சத்தமில்லாமல் முடிந்துபோனது. இப்போது அக்கா வீட்டு மாடியறையில் இருந்தான். அறையில் ஒரு கட்டில், ஒரு பழைய கணினி, சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

சினிமாவில் அவன் பார்த்தது பல்லை. மற்றவர்கள் கதாநாயகனின் நடையைப் பற்றியும் வெளிச்சம் விழும் அழகைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதும்போது இவன் இரண்டு வரி எழுதுவான்.

"சிரிக்கிற சிரிப்பு அவனோடது இல்லை. மேல் வரிசைல முன்பல் ஆறுக்கும் கேப், பல்லு மேல மாட்டற உறை, போட்டிருக்கான். போன மாசம் பார்த்த படத்துல வில்லனுக்கும் இதே ஆறு. ஒரே கைவேலை."

முதலில் சிரித்தார்கள். பிறகு படம் பார்க்கும்போது அவர்கள் கண்ணும் பல்லுக்குத்தான் போயிற்று. "கடைவாயண்ணே, உங்களால நிம்மதியா ஒரு முத்தக் காட்சி பார்க்க முடியல" என்று ஒருவர் புலம்பினார். அவன் ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடினான். அத்தனை கேப்புகளுக்கும் நடுவில் எங்காவது ஒரு சொந்தப் பல். கோணலாக, கொஞ்சம் கறை பிடித்து, ஸ்டுடியோக்காரன் கண்ணில் படாமல் தப்பித்தது. கிடைத்தால் அந்த வாரம் அவனுக்குப் படம் நல்ல படம்.

அவள் பெயர் ஓரச்சீட்டு. அவள் பார்த்தது கையை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் நாலாம் ஜன்னல் அவளுடையது. கண்ணாடிக்குக் கீழே ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. நாள் முழுக்க அதன் வழியாகச் சீட்டோடு வருகிற கைகளை மட்டும் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, 'சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்' என்று சொல்லிக்கொண்டிருப்பவள். இதெல்லாம் அவளே குழுவில் எழுதினது. மழைக்கோட்டுப் படத்தைப் பற்றி ஒருமுறை இப்படி எழுதினாள்:

"அவன் கொலை செய்யலைன்னு எனக்கு மூணாவது நிமிஷமே தெரிஞ்சுது. காப்பிக் கோப்பையைக் காதைப் பிடிச்சுத் தூக்கல. ரெண்டு உள்ளங்கையாலயும் அணைச்சுப் பிடிக்கிறான். குளிர்ல நின்னு வேலை பார்த்தவன் கை அது. போலீஸ்காரனுக்குத் தெரியல. அவன் கை எப்பவும் பாக்கெட்லயே இருக்கு."

கடைவாய் அந்தப் பத்தியை நான்கு தடவை படித்தான். பிறகு படத்தை ஓட்டி அந்தக் காட்சியைப் பார்த்தான். உண்மைதான். அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் பக்கம் திறந்ததும் அவன் கண் தேடினது ஒரு பெயரைத்தான். அவள் எழுதியிருந்தால் மற்றவர்களைப் பிறகு படிப்பான். எழுதவில்லையென்றால் மற்றவர்களைப் படிக்கவே மாட்டான். இப்படி ஆறு வருடம். இதற்கு என்ன பெயர் என்று அவன் யோசிக்கவில்லை. பெயர் வைத்துவிட்டால் பிறகு அதற்குச் சோறு போட வேண்டும்.

உறுப்பினர்களுக்குள் தனியாகப் பேச உள்பெட்டி என்று ஒன்று இருந்தது. ஆறாவது வருடம் அதில் அவளிடமிருந்து முதல் செய்தி வந்தது. சினிமா இல்லை.

"சார், அம்மாவுக்குப் புதுசா பல்செட் கட்டினோம். சாப்பிட உட்கார்ந்தா கழட்டித் தட்டுக்குப் பக்கத்துல வெச்சுடறாங்க. என்ன செய்யறது?"

"கீழ் செட்டு நாக்குப் பக்கம் உரசும் மேடம். எந்த இடம்னு அவங்க விரலாலயே காட்டச் சொல்லுங்க. அந்த இடத்தை மட்டும் சீவச் சொல்லுங்க. புதுசா கட்டச் சொன்னா கட்டாதீங்க. எங்க ஆளுங்களுக்கு அதுதான் வருமானம்."

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "கழட்டறதில்லை. தூங்கும்போதும் கழட்ட மாட்டேங்கறாங்க. இப்ப அது பிரச்சனை."

அப்படித்தான் பேச ஆரம்பித்தார்கள். இருவரும் ஒரே ஊர் என்று தெரிந்தது. இருவருக்கும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் படம் ஒன்றே என்றும் தெரிந்தது. தந்திக்காரன் படம். தந்தி அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவன். கையுறைக் கடையில் நிற்கும் ஒருத்தி. ஊரார் சாவையும் கல்யாணத்தையும் எழுத்தெழுத்தாக அடித்து அனுப்புகிறவனுக்குத் தன் மனதில் இருப்பதை ஒரு வரி சொல்லத் தெரியாது. யுத்தம் பிரிக்கிறது. திரும்பி வந்தால் ஒரு நாள், மாலை ஐந்து மணிக்கு, ஒரு இடத்தில் என்று பேச்சு. எல்லாரும் பார்த்திருந்த படம். ஆனால் இடைவேளை அதை வாரப் படமாக வைத்ததே இல்லை. ஏன் என்று இவர்கள் கேட்டதுமில்லை.

எட்டு மாதம் கழித்து அவள் அம்மா இறந்துபோனாள். இரண்டு வாரம் ஓரச்சீட்டு எழுதவில்லை. பிறகு உள்பெட்டியில் ஒரு வரி: "ஆஸ்பத்திரியில அம்மா பல்செட்டை ஒரு டப்பாவுல போட்டுக் கொடுத்தாங்க. அதை என்ன செய்யறது சார்?"

தேறுதல் சொல்ல அவனுக்கு வராது. தெரிந்ததைச் சொன்னான். "ஒண்ணும் செய்ய முடியாது மேடம். உலகத்துல வேற எந்த வாய்க்கும் அது சேராது. வெச்சுக்குங்க."

மறுநாள் பதில் வந்தது. "வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் என்னென்னவோ சொன்னாங்க. எனக்குக் கேட்டது இது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். வெளிநாட்டில் இருந்த தம்பி அவளைத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். தனியாக எதற்கு, இங்கே பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றான். அவளும் சரி என்றாள். மாதக் கடைசியில் பயணம். அதைச் சொன்ன அதே செய்தியில் கீழே எழுதியிருந்தாள்:

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கலாமா? வர்ற சனிக்கிழமை. தந்திக்காரன் படத்துல கடைசியா எங்க சந்திக்கிறாங்களோ, அந்த மாதிரி இடம் நம்ம ஊர்லயும் இருக்கே. அங்கயே. அதே அஞ்சு மணி."

எந்த இடம் என்று அவன் கேட்கவில்லை. அந்தப் படத்தை இருபது தடவை பார்த்தவனிடம் ஒருத்தி இப்படிச் சொன்ன பிறகு 'எந்த இடம்' என்று கேட்பதைவிட அவமானம் வேறில்லை. தவிர, சட்டம் வேறு. ஆறு வருடமாக வாயைக் கட்டிக் கட்டி, கடைசிப் பத்து நிமிடத்தை உள்பெட்டியில் கூடப் பேசாத பழக்கம் இருவருக்கும் வந்திருந்தது. ஒன்று மட்டும் கேட்டான்.

"போன் நம்பர் தரட்டுமா மேடம்?"

"வேண்டாம் சார். படத்துல அவங்ககிட்ட போனா இருந்தது?"

"எப்படி அடையாளம் தெரியும்?"

"நீங்க என் கையைப் பாருங்க. நான் உங்க பல்லைப் பார்க்கறேன்."

அங்கேதான் சிக்கல். அவனுக்கு மேலே இடது பக்கம் கோரைப்பல் கிடையாது. ஒன்பது வருடமாக அந்த இடம் ஓட்டை. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவன் வாயில் ஜன்னல் என்று அக்கா சொல்லாத நாள் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் லேப்பில் தன் வாயைத் தானே அச்செடுத்து, தனக்கு ஒரு பல் செய்ய உட்கார்ந்தான். பக்கத்து மேசையில் மெழுகு வேலை செய்கிறவன், அவனுக்குப் பட்டப்பெயரே மெழுகு, எட்டிப் பார்த்தான்.

"யாருக்கு அண்ணே ஒத்தைப் பல்லு?"

"ஒரு கஸ்டமர்."

"கஸ்டமர் உங்க பிரஷ்ஷாலயா காலைல பல்லு விளக்கினாரு? அச்சுல உங்க பேஸ்ட் வாசனை அடிக்குது."

"வேலையைப் பாருடா."

"பார்க்கறேன். நிறத்தை மட்டும் பார்த்து வைங்க. வெள்ளையா வெச்சீங்கன்னா அந்தப் பல்லு மட்டும் தனியா கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கும்."

நிற அட்டையை வாய்க்கு நேராகப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தான். கொஞ்சம் மஞ்சளாகவே எடுத்தான்.

சனிக்கிழமை நாலரைக்கே தலைமைத் தபாலகத்துக்குப் போய்விட்டான். இந்த ஊரில் தந்தி ஆபீஸ் இருந்ததும் அங்கேதான். அவனுக்குத் தெரிந்த தந்திக்காரன் படம் அப்படித்தான் முடியும். தந்தி அலுவலகத்து வாசற்படி. அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். ஐந்து அடிக்கும். ஜனம் இறங்கிப் போகும். கதவை இழுத்து மூடும் நேரத்தில் தெருக்கோடியில் அவள் வருவாள். ஓடி வர மாட்டாள், வேகமாக நடந்து வருவாள். அவ்வளவுதான், திரை இருண்டுவிடும்.

இந்தத் தபாலகத்துக்குப் பதினோரு படிகள். அவன் ஏழாவதில் நின்றான். பார்சல் ஒட்ட வந்தவர்கள், முத்திரை குத்தும் சத்தம், வரிசையில் சண்டை, எல்லாம் அடங்கிக்கொண்டே வந்தது. ஐந்து ஆயிற்று. படியேறி வந்த ஒவ்வொரு பெண்ணின் கையையும் பார்த்தான். ஒருத்தி முறைத்தாள். ஐந்தரைக்குக் காவலாளி வந்து, "தபால் ஏதாவது போடணுமா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. ஒருத்தர் வரணும்."

"ஆபீஸ் மூடியாச்சு. வர்றவங்க உள்ள போக முடியாது."

"உள்ள போக வேண்டியதில்ல. வந்தா போதும்."

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரும்புக் கதவை இழுத்தார். அந்தக் கதவு மூடுகிற சத்தத்தில் அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். இதுதான் நேரம். தெருக்கோடியைப் பார்த்தான். ஒரு ஐஸ் வண்டி வந்தது. ஆறரை வரை நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று ஒரு கணக்கு அவருக்கு ஓடும்.

"என்ன மாப்ளே, இஸ்திரி போட்ட சட்டையா இருக்கு. எந்த ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டாங்க?"

"சும்மா இருங்க" என்றாள் அக்கா. பள்ளிக்கூடச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தித் தம்பியின் வாயைப் பார்த்தாள். "டேய், பல்லு வெச்சிருக்கியா?"

"ஆமா."

"நல்லா இருக்கு" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அன்று அவன் கணினியைத் திறக்கவில்லை. அவள்தான் வரவில்லை, அவளே சொல்லட்டும் என்று ஒரு வீம்பு. ஞாயிறு காலை திறந்தபோது உள்பெட்டியில் ஒன்றுமே இல்லை. பழைய பேச்சும் இல்லை. உறுப்பினர் விலகினால் அவர் எழுதின கடிதங்களும் கூடவே போய்விடும், குழுவின் அமைப்பு அப்படி. பெயரைத் தட்டிப் பார்த்தான். 'இந்தப் பெயரில் யாரும் இல்லை.' எட்டு மாதம், பல்செட், டப்பா, அம்மா, எதுவும் இல்லை. விலகும் முன் அவள் ஏதாவது எழுதியிருந்தாலும் அதுவும் போயிருக்கும்.

பல்லைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டான். அவள் கடைசி நேரத்தில் பயந்துவிட்டாள் என்று ஒரு நாள் நினைத்தான். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இவனா என்று திரும்பிப் போய்விட்டாள் என்று மறுநாள் நினைத்தான். இரண்டாவதுதான் மனதில் தங்கியது. இரண்டு வாரம் குழுவில் ஒரு வரி எழுதவில்லை. லேப்பில் ஒரு கிழவருக்குக் கடைவாய்ப் பற்களை இடம் மாற்றி வைத்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் தந்திக்காரன் படத்தைத் தேடி எடுத்தான். படத்துப் பெண் எப்படி நடந்து வருகிறாள் என்று பார்க்க வேண்டும். அது பொய் என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். அவனிடம் இருந்தது பழைய தொலைக்காட்சிப் பிரதி, பாதி புள்ளியும் கோடும். இணையத்தில் யாரோ தியேட்டர் பிரதியைச் சுத்தம் செய்து புதிதாக ஏற்றியிருந்தார்கள். அதைப் போட்டான்.

எல்லாம் அதேதான். தந்திக் கருவி, கையுறைக் கடை, யுத்தம். கடைசிப் பத்து நிமிடத்தில் தந்தி அலுவலகத்து வாசற்படி வரவில்லை. படகுத்துறை வந்தது.

பலகைப் பாலத்தில் அவள் நிற்கிறாள். கையில் ஒரு ஜோடி கையுறை. ஐந்து அடிக்கிறது. படகு வருகிறது. ஜனம் இறங்குகிறது. எல்லாரும் போன பிறகு, கடைசி ஆளாக, தொப்பியைப் பறிகொடுத்த தலையோடு அவன் இறங்கி வருகிறான்.

கடைவாய் படத்தை நிறுத்தினான். பின்னால் ஓட்டித் திரும்பப் பார்த்தான். மறுபடியும் படகுத்துறைதான். இந்த ஊரிலும் படகுத்துறை உண்டு. அவன் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும்.

குழுவின் பக்கத்தில் கீழே தகராறுகளுக்கென்று இடைவேளையின் தொலைபேசி எண் இருந்தது. பட்டன் போனில் அழுத்தினான். லேப் தூசிக்கு அந்த ஒரு போன்தான் தாங்கும்.

"யாரு?"

"கடைவாய் பேசறேன் ஐயா. தந்திக்காரன் படத்துக்கு ரெண்டு முடிவா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "எதுல பார்த்தீங்க?"

"டிவில வந்ததுல தந்தி ஆபீஸ். இப்ப தியேட்டர் பிரதில படகுத்துறை."

"முதல்ல எடுத்தது தந்தி ஆபீஸ்தான். ரிலீஸுக்கு முன்னாடி போட்டுக் காட்டினப்ப ஜனத்துக்குப் பிடிக்கல, பொம்பளைதான் தேடி வரணுமான்னு கேட்டாங்களாம். அதனால படகுத்துறையை எடுத்து ஒட்டினான். தியேட்டருக்கு அது போச்சு. டிவிக்காரன் கையில சிக்கினது பழசு."

"இதை ஏன் யாரும் சொல்லல?"

"சொல்லத்தான் கூடாதே. குழு ஆரம்பிச்ச முதல் மாசம் நான் வெச்ச படமே அதுதான். தந்தி ஆபீஸ் கட்சி, படகுத்துறை கட்சின்னு அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் என் வீட்டுக்கே வந்துட்டான். அன்னிக்குப் போட்டதுதான் முதல் சட்டம். நீங்கள்லாம் அப்புறம் சேர்ந்தவங்க."

கடைவாய் போனை வைத்தான். அவனுடைய படத்தில் ஆண் நிற்பான், பெண் வருவாள். அவளுடைய படத்தில் பெண் நிற்பாள், ஆண் வருவான். இருவரும் நின்றிருக்கிறார்கள். இருவரும் கடைசி ஆள் போகும் வரை பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் லேப்புக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். நாலாம் ஜன்னல் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றான். ஓட்டைக்குள் கையை நீட்டத் தெரியாமல் முகத்தைத் தாழ்த்தினான். உள்ளே மீசைக்காரர் ஒருவர் இருந்தார்.

"சீட்டு?"

"சீட்டு இல்லைங்க. இங்க இருந்த மேடம்..."

"யாரு, தூக்கத்துல கூட மாத்திரை எண்ணுவாங்களே, அவங்களா? போன வாரமே வேலையை விட்டாச்சு. பயணம்னு சொன்னாங்க."

"எங்க போனாங்க? விலாசம்..."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அவள் சொந்தப் பெயர் கூட அவனுக்குத் தெரியாது. "ஒண்ணும் இல்லைங்க" என்றான். பின்னால் நின்றவர் அவனைத் தோளால் தள்ளிக் கையை உள்ளே விட்டார்.

இருந்தது ஒரே வழி. பக்கத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விலகினவளும் படிக்கலாம். சனிக்கிழமை இடைவேளையை மறுபடி கூப்பிட்டான்.

"ஐயா, நாளைக்கு நான் ஒரு முடிவை எழுதப் போறேன்."

"எழுதினா எடுத்துருவேன். ஒரு வருஷம் வெளிய. எனக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு சட்டத்துல இல்ல."

"தெரியும். எழுதி எவ்வளவு நேரத்துல எடுப்பீங்க?"

இடைவேளை யோசித்தார். அந்த யோசனையில் டிக்கெட் இல்லாத ஒருவனை அடுத்த நிலையம் வரை விடலாமா என்ற கணக்கு ஓடியது. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டா எனக்குக் கண்ணைச் சுத்தும். ஒன்றரைக்குப் படுத்தா நாலரைக்குத்தான் எழுவேன். எழுந்ததும் முதல் வேலை அதுதான்."

ஞாயிறு ஒன்று முப்பத்தைந்துக்கு அவன் எழுதினான். அழித்து அழித்து, கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

"தந்திக்காரன் படத்துக்கு இரண்டு முடிவு உண்டு. இந்த வாரம் வரை எனக்கு ஒன்றுதான் தெரியும். அதில் அவன் தந்தி ஆபீஸ் படியில் நிற்பான். நான் சொல்லும் பிரதியில் தபாலாபீஸ், ஏழாவது படி. நாலரையிலிருந்து கதவு மூடி, அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் நிற்பான். படகுத்துறை என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பான். அவன் பல் ஒன்று புதிது, மற்றதெல்லாம் சொந்தம். இன்று ஐந்து மணிக்குப் படகுத்துறைக்குப் போகிறான்."

போனான். இழுப்பறையிலிருந்து பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். ஐந்து மணிப் படகு ஐந்தே காலுக்கு வந்தது. சைக்கிளோடு இறங்கினவர்கள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவர்கள், கடைசியாகப் படகுக்காரர்களே இறங்கிக் கயிறு கட்டினார்கள். துறையில் நின்றுகொண்டிருந்தவன் இவன் ஒருவன்தான். அவள் எந்தப் பலகையில் நின்றிருப்பாள் என்று பார்த்தான். எல்லாப் பலகையும் ஒரே மாதிரி இருந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது அவன் எழுதினது இல்லை. உள்ளே நுழையப் போனால், 'ஒரு வருடத்துக்கு அனுமதி இல்லை' என்றது. இடைவேளை சொன்ன சொல் தவறாதவர்.

செவ்வாய்க்கிழமை மதியம் லேப்பில் கை முழுக்க மாவோடு இருந்தபோது போன் அடித்தது. மெழுகுதான் போனை எடுத்து இவன் காதில் வைத்துப் பிடித்தான்.

"கடைவாய், இடைவேளை பேசறேன். நேத்து ஒரு புது ஆள் சேர்ந்தாங்க. பேரு பழைய பேருதான், ஓரச்சீட்டு. ஒரு வரி எழுதியிருக்காங்க. படிக்கட்டுமா?"

"படிங்க."

"'நான் படகுத்துறையில் ஆறே முக்கால் வரை நின்றேன். சனிக்கிழமை இரவே இங்கே வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே இப்போது விடியவில்லை.' அவ்வளவுதான். படத்துப் பேரு இல்ல, முடிவும் இல்ல. சட்டத்துல மாட்டல. விட்டுட்டேன்."

கடைவாய் கையில் இருந்த அச்சைப் பார்த்தான். மாவு இறுக ஆரம்பித்திருந்தது. இப்போது ஊற்றாவிட்டால் வீண். ஊற்றவில்லை. அவனைவிடப் பதினைந்து நிமிடம் கூடுதலாக நின்றிருக்கிறாள். ஒருவரை ஒருவர் காக்க வைக்கவில்லை என்பது இத்தனை நாள் கழித்துத் தெரிகிறது. இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மாவின் பல்செட் மாதிரி. வேறு எங்கும் சேராது.

"இருக்கீங்களா?" என்றார் இடைவேளை. "உங்க நம்பரை அந்தம்மாவுக்கு உள்பெட்டியில போட்டு விடட்டுமா?"

"போடுங்க."

"அதோட கீழே இன்னொரு வரி இருக்கு. 'இந்த வாரப் படத்தில் பல்லைப் பற்றி யாருமே எழுதவில்லையே' அப்படின்னு."

மெழுகு போனைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டான். "அண்ணே, தோள் வலிக்குது. சீக்கிரம் சொல்லுங்க."

"ஐயா, நான் சொல்றதை உங்க பேர்ல போடுவீங்களா?"

"நான் என்ன தந்தி ஆபீஸா?" என்றார் இடைவேளை. ஆனால் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க. ஒவ்வொரு எழுத்தா சொல்லாதீங்க, எனக்குத் தமிழ் தெரியும்."

"இந்த வாரக் கதாநாயகனுக்கு மேல் வரிசை முழுக்க கேப். சிரிக்கும்போது ஒண்ணுமில்ல. ஸ்டேஷன்ல அவ போனப்புறம் கொட்டாவி விடற மாதிரி வாயைத் திறந்து மூடுவான். அப்ப கீழ் வரிசைல வலது பக்கம் ஒண்ணு தெரியும். கோணல். அது சொந்தப் பல்லு. அதுக்காகத்தான் அந்தப் படம்."

"எழுதிட்டேன். அதுக்கப்புறம்? கடைசியைப் பத்தி ஒண்ணும் சொல்லிட மாட்டீங்களே?"

"கடைசிப் பத்து நிமிஷம் நான் இன்னும் பார்க்கல."

"ஏன்?"

"அந்தப் படத்துக்கு எத்தனை முடிவுன்னு கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் பார்க்கறேன்."

"யாரைக் கேட்கறது?"

"அவங்களைத்தான்" என்றான் கடைவாய்.